வீடும் சானடோரியமும்: காசநோய்ச் சிகிச்சை வரலாற்றில் சென்னை ஆய்வின் இடம்

‘எலும்புருக்கி’ என்று நம் முன்னோர் அஞ்சிய நோய் காசநோய். 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லின் நகரில் அறிவித்தார். 1895இல் எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. நோயை இன்னதென்று அறியும் வழி இவ்வாறு பிறந்தது. ஆனால் அதைத் தீர்க்கும் மருந்து கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. அதுவரை மருத்துவரால் அளிக்கக்கூடியவை ஓய்வும் தூய காற்றும் நல்லுணவுமே. அவற்றை ஒருங்கே அளிக்க எழுந்தவையே சானடோரியங்கள்.

தென்னிந்தியாவில் இப்பணியில் கிறிஸ்தவர் பங்கு பெரிது. பல மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் அமைத்த நிலையம் 1915இல் திறக்கப்பெற்றது. டேனிஷ் மிஷனரி மருத்துவர் கிறிஸ்தியன் ஃபிரிமோட்-மோலர் அதனை வளர்த்தார். 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியம் நிறுவினார். அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. இவை அன்பின் நிறுவனங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் நோயாளர் பெருந்திரளுக்கு முன் படுக்கைகள் மிகச் சிலவே. இடம் கிடைத்தவரும் மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்தது. மருந்து எல்லாருக்கும் போதாத காலம் அது. ஆகவே யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுப் போடுவதை ஒத்த முறையில் தீர்மானித்தனர். அம்முறையை வகுத்தவர் பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர். சீட்டுப் போடுதல் திருமறை வாசகருக்குப் புதிதன்று. மனிதரின் பட்சபாதத்தை விலக்குவதே இங்கும் அதன் நோக்கம். 1948இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் நால்வர் இறந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். ஆயினும் பலரிடத்தில் கிருமிகள் அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டன. எனவே மருந்துகளைக் கூட்டாகத் தரும் முறை உருவாயிற்று. 1952இல் ஐசோனியாசிட் என்னும் மலிவான, வாய்வழி உட்கொள்ளும் மருந்தும் வந்து சேர்ந்தது.

மருந்து இருக்கும்போது சானடோரியம் தேவையா? இக்கேள்விக்கு விடை தேடியே 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் இணைந்தன. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். நகரின் ஏழை மக்களில் ஏறக்குறைய இருநூறு நோயாளர் முன்கூறிய முறையிலேயே இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறு பிரிவினர் தம் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர்.

வீட்டிலிருந்தோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நெருக்கமான குடியிருப்பு, குறைந்த உணவு, போதிய ஓய்வும் இல்லை. ஆயினும் ஆண்டின் இறுதியில் சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. 1959இல் இம்முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியப்புற்றது. நோயாளருடன் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை என்பதைத் தொடர் ஆய்வுகள் காட்டின. சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே தொற்றின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே நோயாளரை வீட்டிலிருந்து விலக்கி வைப்பதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணமே வலுவிழந்தது.

ஆனால் இவ்வாய்வின் முடிவில் ஒரு நிபந்தனை உண்டு. அது எளிதில் மறக்கப்படுகிறது. தகுந்த சேவை அமைந்தால் மட்டுமே வீட்டுச் சிகிச்சை போதுமானது என்றனர் ஆய்வாளர். நோயாளரின் இல்லங்களுக்குச் சென்றனர். முன்னறிவிப்பின்றி மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொண்டதைச் சிறுநீர்ச் சோதனையால் உறுதிசெய்தனர். இருமல் தணிந்து உடல் தேறியதும் மருந்தை நிறுத்திவிடுவது மனித இயல்பு. மீண்டும் நோய் தலைதூக்குவதும் அதனாலேயே. ஆகவே பணியாளர் முன்னிலையில் மருந்து உட்கொள்ளச் செய்யும் முறையை இம்மையமே பின்னர் ஆய்ந்து வளர்த்தது. 1990களில் உலகச் சுகாதார நிறுவனம் பரப்பிய திட்டத்திற்கு அது ஓர் அடித்தளமாயிற்று. 2011 முதல் அந்த மையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரால் வழங்குகிறது.

உணவு தேவையில்லை என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. குறைந்த உணவிலும் மருந்து நோயைத் தீர்க்கும் என்பதே அன்று கண்டது. நோய் வராமல் தடுப்பது வேறு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளரின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் வழங்கியபோது அவர்களிடையே காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பசியும் நோயும் ஒரே வீட்டில் குடியிருப்பவை.

இவ்வரலாறு திருப்பணிக்கு ஆயத்தமாவோருக்குக் கற்பிப்பது யாது? சானடோரியம் கட்டியவர்கள் தவறு செய்தவர்கள் அல்லர். தம் காலத்தில் கையிலிருந்ததைக் கொண்டு அன்பு செய்தவர்கள். ஆயினும் அன்பினால் எழுந்த முறையும் சோதனைக்கு உட்பட வேண்டியதே. அச்சோதனை நடந்திராவிடில் ஏழை மக்கள் கிடைக்காத படுக்கைக்காகக் காத்திருந்தே மடிந்திருப்பர். கட்டடத்திலிருந்து வீட்டுக்குச் சிகிச்சை இடம் பெயர்ந்தபோது, பொறுப்பும் அதனுடன் இடம் பெயர்ந்தது. இன்று நம் சபைகளில் காசநோயாளர் தம் நோயை மறைத்து வாழ்கின்றனர். திருமணம் தடைப்படும், வேலை போய்விடும் என அஞ்சுகின்றனர். அவ்வீடுகளுக்குச் செல்வதும், மாதக்கணக்கில் மருந்து இடையறாமல் தொடர உடனிருந்து தேற்றுவதும், அடுப்பில் உலை ஏறியதா எனக் கேட்பதும் மருத்துவப் பட்டம் வேண்டாத பணிகள். சென்னை ஆய்வு விதித்த அந்த நிபந்தனை நம்மையும் நோக்கியே நிற்கிறது.