மடிக்கணினிக்குள் நுழைந்த லாமா

செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது சில ஆண்டுகளுக்கு முன்புவரை பெரும்பாடு. பைத்தானில் ஒரு பதிப்பு, பைடார்ச்சில் ஒரு பதிப்பு, என்விடியா 2007-இல் வெளியிட்ட கூடாவில் இன்னொரு பதிப்பு... மூன்றுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். (கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பார்ப்பதில்லை!) 2013-இல் வந்த டாக்கர், தேவையானவற்றை எல்லாம் ஒரே பெட்டியில் கட்டிக் கொடுத்து இந்தத் தலைவலியைப் பெருமளவு குறைத்தது. ஆனால் விலை உயர்ந்த என்விடியா கார்டு வாங்க வசதியில்லாதவர் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

2023 பிப்ரவரி 24 அன்று மெட்டா நிறுவனம் லாமா என்ற மொழி மாடலை அறிவித்தது. விண்ணப்பிக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். சில நாட்களிலேயே டாரன்ட்டில் கசிந்துவிட்டது. கிடைத்தும் பலருக்குப் பயனில்லை. மாடல் என்பது கடைசியில் ஒரு எண் மூட்டை. இருந்ததிலேயே சிறிய லாமாவில் சுமார் 700 கோடி எண்கள். எண்ணுக்கு 2 பைட் என்றால், கிட்டத்தட்ட 14 ஜிபி மெமரி வேண்டும். சாதாரண மடிக்கணினிக்கு இது எட்டாக்கனி.

மார்ச் 10 அன்று பல்கேரியாவைச் சேர்ந்த கியோர்கி கெர்கானோவ் 'லாமா.சிபிபி'யை இலவசமாக வெளியிட்டார். ஒரே மாலையில் எழுதியது, சரியாக வேலை செய்யுமா தெரியாது என்று அவரே குறிப்பும் எழுதி வைத்தார். அடக்கம்தான். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பருக்கு 2022-இலேயே இதே வேலையைச் செய்து கை பழகியவர் அவர்.

அவர் செய்தவை இரண்டு. மாடலை ஓட்டப் பைத்தானும் வேண்டாம், கூடாவும் வேண்டாம் என்று வெறும் சி, சி++ மொழிகளில் எழுதினார். கம்பைலர் இருந்தால் போதும். அடுத்து, ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டுக்குச் சுருக்கினார். பைசாவை விட்டுவிட்டு ரூபாயில் மட்டும் கணக்கு எழுதுவது மாதிரி. துல்லியம் கொஞ்சம் போகும். ஆனால் 14 ஜிபி சுமார் 4 ஜிபியாகிவிடும்! மேக்புக்கை மனதில் வைத்து எழுதியது சில நாட்களில் விண்டோஸ், ஆண்ட்ராய்டு என்று பரவியது. கையகல ராஸ்பெரி பையில்கூட ஓட்டிக் காட்டினார்கள். ஒரு சொல்துண்டு வர சுமார் 10 விநாடி. நத்தை வேகம்தான், ஆனால் ஓடியது.

அதே ஆண்டு நவம்பரில் மொசில்லா இதன்மேல் 'லாமாஃபைல்' கட்டியது. மாடலும் மென்பொருளும் சேர்ந்த ஒரே கோப்பு, ஆறு இயங்குதளங்களில் ஓடும். விண்டோஸில் மட்டும் ஒரு சிக்கல். 4 ஜிபிக்கு மேற்பட்ட நிரல் கோப்பை அது இயக்காது; பெரிய மாடலாக இருந்தால் எண் மூட்டையைத் தனிக் கோப்பாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.