ஏறுவதை மட்டும் சொன்னேன், இறங்குவதைச் சொல்லவில்லை

"டாக்டர், யூரின் டீ டிகாஷன் மாதிரி போகுது."

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை சாயந்திரம், மணிமங்கலத்தில் என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது இதுதான். வயது 43. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ரெண்டு வருஷமா ஓடுறவர். ரெண்டு ஹாஃப் மாரத்தான் முடிச்சிருக்கார். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது.

சனிக்கிழமை நண்பர்களோட ஏலகிரி போயிருக்கார். மேலே ஏறும்போது பாதி நடை, பாதி ஓட்டம். அப்புறம் 14 கொண்டை ஊசி வளைவையும் ஓடியே இறங்கியிருக்கார். "இறங்குறது ஜாலியா இருந்துச்சு சார், மூச்சே வாங்கல" என்றார். ஞாயிறு தொடை பிடிச்சிருக்கு. வலி மாத்திரை ரெண்டு போட்டிருக்கார். திங்கள் காலையில் வீட்டு மாடிப்படியை நேராக இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு பின்பக்கமா இறங்கியிருக்கார். சாயந்திரம் யூரின் நிறம் மாறிடுச்சு.

இதில் எனக்கு உறுத்தலான விஷயம் ஒண்ணு உண்டு. மூணு மாசம் முன்னாடி ஒரு செக்கப்புக்கு வந்தவரிடம், "எப்பவும் சமதரையிலேயே ஓடாதீங்க, மலையிலும் பழகுங்க. காலுக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது" என்று சொன்னது நான்தான்.

சொன்னது தப்பில்லை. ஆனா பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதியை எனக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைத் தேடிப் படிச்சதைத்தான் இந்தப் பதிவில் எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதலில் எங்க ஊரைப் பத்தி ஒரு வரி. மணிமங்கலம் சமவெளி. பல்லவ நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த இடங்களில் ஒன்று என்று கூரம் செப்பேட்டில் பெயர் இருக்கும் ஊர் இது. படை நிறுத்த இடம் இருந்திருக்கு, மலைக்குத்தான் வழியில்லை. ஏறணும்னா திருநீர்மலைப் படிக்கட்டு, இல்லைன்னா வண்டலூர் பக்கம் போகணும். திரிசூலம், பம்மல் பக்கம் இருந்த குன்றுகளில் பாதி ஜல்லியாகி நம்ம வீட்டு காங்கிரீட்டுக்குள்ளே போயிடுச்சு. அதனால இந்தப் பக்கத்து ஓட்டக்காரர்கள் லீவு கிடைச்சா ஏலகிரி, ஏற்காடுன்னு வண்டி எடுத்துட்டுப் போறாங்க. வருஷம் முழுக்க சமதரை, திடீர்னு ஒரு நாள் மலை. பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

சரி, "மலையில் ஓடினால் நல்லது" என்பது எங்கிருந்து வந்தது?

இதை ஒரு முறையாக மாற்றி உலகத்துக்குக் காட்டியவர் நியூசிலாந்துக்காரர் ஆர்தர் லிடியார்ட். டாக்டரும் இல்லை, விளையாட்டுப் பேராசிரியரும் இல்லை. ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இருபதுகளின் கடைசியில், வயதில் மூத்த ஒரு நண்பரோடு 5 மைல் ஓடப் போய், நாக்குத் தள்ளித் திரும்பினார். "இப்பவே இப்படின்னா ஐம்பது வயசுல என் நிலைமை என்ன?" என்ற பயத்தில்தான் அவர் ஆராய்ச்சி தொடங்கியது. பரிசோதனை எலியும் அவரே. எவ்வளவு தூரம் ஓடினால் உடம்பு தேறுது, எவ்வளவு ஓடினால் உடையுதுன்னு வருஷக்கணக்கில் தன் உடம்பிலேயே பார்த்தார். வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் என்ற கணக்குக்கு வந்து சேர்ந்தார். 1953, 1955 இரண்டு வருஷமும் நியூசிலாந்து மாரத்தான் சாம்பியன்.

வேலை பார்த்துக்கிட்டே ஓடின ஆள் என்பதை மனசில் வெச்சுக்குங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி ஓடப் போற நம்ம ஆட்களுக்கு அவர் தூரத்துச் சொந்தம்தான்.

அவரைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பையன்கள் சிலர் சேர்ந்தார்கள். ஞாயிறு தவறாமல் ஒரு வழி: வைடாகெரே மலைத்தொடரில் வையடாருவா சுற்று, 22 மைல், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி. 800 மீட்டர் ஓடுறவனுக்கும் அதே 22 மைல், மாரத்தான் ஓடுறவனுக்கும் அதே 22 மைல். இதைக் கேட்டு அன்றைய பயிற்சியாளர்கள் பலரும் சிரிச்சாங்க.

1960 ரோம் ஒலிம்பிக். செப்டம்பர் 2, ஒரே நாள் மாலை. லிடியார்டின் பையன் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். கொஞ்ச நேரத்தில் 5,000 மீட்டரில் மர்ரே ஹால்பெர்க் தங்கம். ஹால்பெர்குக்கு ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை சூம்பிப்போனது. ஒரு வாரம் கழிச்சு மாரத்தானில் பாரி மகீ வெண்கலம். (அந்த மாரத்தானில்தான் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார்.) 800 மீட்டர், 5 கிலோமீட்டர், 42 கிலோமீட்டர் என மூணு தூரத்துக்கும் ஒரே ஆசிரியர், ஒரே அடிப்படைப் பயிற்சி. அப்புறம் யாரும் சிரிக்கல.

இனி கவனமா படிங்க. லிடியார்டின் முறையில் "மலைப் பயிற்சி" என்பது தனி ஒரு கட்டம். முதலில் சில மாதம் நீண்ட, நிதானமான ஓட்டம். அது முடிந்த பிறகு சில வாரம் மட்டும் மலை. சரிவில் முழங்காலை உயர்த்தி, கணுக்காலால் உந்தித் துள்ளித் துள்ளி ஏறணும். மேலே கொஞ்ச தூரம் மெதுவான ஓட்டம். அப்புறம் உடம்பைத் தளர்த்தி இறக்கம். கீழே சமதரையில் சில விரைவு ஓட்டங்கள். மறுபடி ஏற்றம். ஜிம், எடைக் கருவி எதுவும் இல்லாமல் காலுக்கு வலு சேர்க்க அவர் கண்ட வழி இது. அது முடிந்த பிறகுதான் டிராக்கில் வேகப் பயிற்சி.

அந்தப் பையன்கள் மலைக் கட்டத்துக்கு வரும் முன்பே மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் அந்த 22 மைலில் இறங்கிப் பழகியிருந்தார்கள். இறக்கம் அவர்கள் தொடையில் ஏற்கெனவே சேமிப்புக் கணக்கில் இருந்தது. லிடியார்ட் இதைத் தனியா அழுத்திச் சொல்லத் தேவையே வரல, ஊரே மேடும் பள்ளமும்தானே! இது என் கணிப்பு. ஆனா சமவெளி ஊருக்கு அந்த முறை வந்தபோது தொலைந்துபோனது இந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து மருத்துவத்துக்கு வருவோம். ரோமுக்குப் பிறகு லிடியார்டைத் தேடி ஆக்லாந்தின் நடுவயதுக்காரர்கள் வந்தார்கள். தொப்பை போட்டவர்கள், மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள். அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் படுக்கைதான் வைத்தியம். லிடியார்ட் அவர்களை மெதுவா ஓடச் சொன்னார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், அதுக்கு மேல கூடாது.

1962 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரேகானிலிருந்து பில் பவர்மேன் என்ற பயிற்சியாளர் வந்தார். பின்னாளில் நைக்கி கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அப்போது வயது 51, தன்னை நல்ல ஆரோக்கியசாலின்னு நினைச்சுக்கிட்டிருந்தவர். ஒரு ஞாயிறு இந்த ஜாகிங் கூட்டத்தோடு ஓடப் போனார். முதல் அரை மைல் சமாளிச்சார். அப்புறம் ஒரு குன்று வந்தது. மூச்சு முட்டி, செத்துடுவோமோன்னு தோணிடுச்சு அவருக்கு. எழுபதைத் தாண்டிய, மூணு தடவை மாரடைப்பு வந்த ஒரு பெரியவர் வேகத்தைக் குறைச்சு, கூடவே துணைக்கு ஓடிக் கூட்டிட்டு வந்தார். ஊர் திரும்பிய பவர்மேன், ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து 1967-ல் ஜாகிங் பற்றிப் புத்தகம் போட்டார். அமெரிக்கா ஓட ஆரம்பிச்சதில் அதுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னைக்கு நம்ம ஏரிக்கரையில் காலையில் ஓடுற ஆளுக்கும் அந்தக் குன்றுக்கும் சம்பந்தம் இருக்கு.

ஏறுவது இதயத்துக்கு நல்லது என்பதற்கு இன்னொரு பழைய சாட்சி லண்டன் டபுள் டெக்கர் பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். 1953-ல் ஜெரி மோரிஸ் வெளியிட்ட ஆய்வில் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது, வந்தாலும் உயிர் போவது குறைவாக இருந்தது. மோரிஸ் நேர்மையான ஆள். யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்து, டிரைவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு முதலிலிருந்தே அதிகம் என்பதையும் அவரே பின்னால் எழுதினார். அதாவது எல்லாப் பெருமையும் படிக்கட்டுக்கே போகாது. ஆனா உழைக்கிற உடம்புக்கு இதயநோய் குறைவு என்பதை அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன.

இதுவரை சொன்னது ஏற்றத்தின் கதை. என் நோயாளி மாட்டியது இறக்கத்தில்.

பழனிக்கோ வெள்ளியங்கிரிக்கோ போனவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது நெஞ்சு அடிச்சுக்கும். தொடை வலிப்பதோ மறுநாளும் மூணாம் நாளும். திருப்பதிக்கு நடந்து ஏறி, பஸ்ஸில் இறங்கி வர்றவங்களைக் கேட்டுப் பாருங்க, அந்த அளவு தொடை வலி இருக்காது. "லாக்டிக் அமிலம் தேங்கிடுச்சு"ன்னு ஜிம்மில் சொல்வாங்க. அது ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து போயிடும். மூணாம் நாள் வலிக்கு அது காரணமா இருக்க முடியாது. தசைக்குள்ளேயே நுண்ணிய கிழிசல் ஏற்படுது என்று தியடோர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902-லேயே எழுதிவிட்டார்.

ஏன் இறக்கத்தில் கிழியுது? கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுத்து ஏற்றுவது ஒரு வேலை. அதே குடத்தை நழுவ விடாமல் மெதுவா உள்ளே இறக்குவது இன்னொரு வேலை. இறங்கும்போது தொடைத் தசை இரண்டாவது வேலையைச் செய்யுது: நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிச்சு நிறுத்துது, ஒவ்வொரு அடிக்கும்.

1952-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை ஒரு வேடிக்கையாகவே காட்டினார்கள். ரெண்டு சைக்கிளை முதுகோடு முதுகாக வெச்சுச் சங்கிலியால் இணைச்சாங்க. ஒருத்தர் முன்னோக்கி மிதிக்கணும், இன்னொருத்தர் எதிர்த்துப் பிடிக்கணும். மிதித்தவர் வாட்டசாட்டமான ஆண். எதிர்த்துப் பிடித்தவர் சின்ன உருவப் பெண். ஆண் சீக்கிரமே களைச்சுப் போனார், அந்தப் பெண்ணுக்கு ஒண்ணுமே ஆகல. ஆபட், பிக்லண்ட், ரிச்சி மூவரும் செய்த ஆய்வு இது. எதிர்த்துப் பிடிக்கும் தசைக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே தேவைப்படுது, ஏன்னா குறைந்த எண்ணிக்கை தசைநார்களே அந்த வேலையை முடிச்சுடுது.

ஆபத்து அங்கதான். கொஞ்சம் நார்கள் முழு பாரத்தையும் சுமக்குது. ஏற்றத்தில் அளவு மீறினா மூச்சு கண்டக்டர் மாதிரி விசில் ஊதி நிறுத்திடும். இறக்கத்தில் விசில் கிடையாது. "மூச்சே வாங்கல சார்" என்று அவர் சொன்னது அதனாலதான்.

பெரும்பாலோருக்கு இது ரெண்டு மூணு நாள் வலியோடு போயிடும். சிலருக்கு, முக்கியமா வெயில், தண்ணீர் குறைவு, பழக்கமில்லாத கால் மூணும் சேர்ந்தா, தசை மொத்தமா உடைஞ்சு அதிலிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கும். யூரின் பழுப்பாகும். இதை மருத்துவ உலகம் தெளிவாகப் புரிஞ்சுக்கிட்டது 1941-ல். லண்டனில் ஜெர்மன் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் கால் நசுங்கி மீட்கப்பட்டவர்கள், நல்லா இருக்கற மாதிரி இருந்து சில நாளில் கிட்னி செயலிழந்து இறந்தார்கள். பைவாட்டர்ஸும் பீலும் அப்படி நாலு பேரைப் பற்றி எழுதினார்கள். ஏலகிரி ரோட்டில் ஓடி இறங்கினவரின் தொடையில் நடந்ததும் அதே ரசாயனம்தான்.

அவரை அன்னைக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தத்தில் சிகே என்ற தசை என்சைம் பல மடங்கு ஏறியிருந்தது. நாலு நாள் டிரிப்ஸ். டயாலிசிஸ் வரைக்கும் போகல. அவர் போட்ட வலி மாத்திரைகள் கிட்னிக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கிற ரகம். இன்னும் ரெண்டு நாள் அதையே போட்டுக்கிட்டு வீட்டில் இருந்திருந்தா கதை வேற.

அதனால மலைக்குப் போறவங்களுக்கு: கடும் தசை வலியோட யூரின் டீ, கோலா நிறத்தில் போனா அது எமர்ஜென்சி. காத்திருக்காதீங்க, வலி மாத்திரை தொடாதீங்க. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறவங்க, நாற்பது தாண்டினவங்க முதலில் உங்க டாக்டரிடம் பேசுங்க. இறக்கத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: சின்ன அளவில் ஒரு தடவை பழகிட்டா, அடுத்த சில வாரம் தசை அதே பாரத்தை நல்லா தாங்கும்.

அவர் மூணு மாசம் கழிச்சு மறுபடி வந்தார். "ஓடலாமா சார்?" ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஒரகடம் மேம்பாலத்தில் ஏறிப் பழகட்டுமா என்றார். விடிகாலையில் கன்டெய்னர் லாரி போற வேகத்துக்கு அது வேண்டாம்னு சொன்னேன். எங்க ஏரிக்கரை இருக்கே, அதன் சரிவு போதும். முதல் மாசம் ஏற மட்டும், இறங்கும்போது நடை. அடுத்த மாசம் கடைசி ரெண்டு இறக்கம் மட்டும் குட்டி எட்டு வெச்சு ஓட்டம். அப்புறம் வாரம் ஒண்ணு கூட்டணும்.

போன ஞாயிறு அந்தப் பக்கம் வண்டியில் போனேன். கரைமேல் ஏறிக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆறு விரல் காட்டினார். அன்னைக்கு ஆறாவது ஏற்றமா, ஆறாவது இறக்கமான்னு தெரியல. கேட்கத்தான் வண்டியை ஓரம் கட்டினேன்.