துப்பாக்கிக் குழலில் ஒட்டிய கரி

ஆட்டையாம்பட்டிக்காரர்களுக்குக் கரியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க முறுக்கு சுட்ட வடைச்சட்டியின் ஓரத்தில் எண்ணெய் தீய்ந்து கறுப்பாகப் பக்கு பிடித்திருக்கும். அன்றைக்கே தேய்த்தால் வந்துவிடும். ஒரு வாரம் விட்டால் சுரண்டினாலும் வராது, சட்டிதான் கீறல் விழும். துப்பாக்கிக் குழலிலும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், அந்தக் குழலில் ஒட்டிய கரி ஒரு முறை இந்தியாவையே பற்ற வைத்தது.

பள்ளிக்கூடத்தில் 1857 பாடத்தை எல்லோரும் படித்திருப்போம். தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் செய்தி பரவியது, சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்கள். சரி, தோட்டாவில் கொழுப்பை எதற்குத் தடவினார்கள்? இந்தக் கேள்வியைப் பாடப்புத்தகம் கேட்பதே இல்லை. பதில் கரியில் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. சுட்டவுடன் இது முழுவதும் வாயுவாகிப் போய்விடாது. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியே போக, மீதி குழலின் உட்சுவரில் படியும். ஈரக்காற்றில் இது சேறு மாதிரி குழையும். வறண்ட வெயிலில் காய்ந்து கல்லாக இறுகும். பத்து இருபது முறை சுட்டபின் வாய் வழியாக அடுத்த குண்டைத் திணிப்பதே பெரும்பாடு.

பழைய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியில் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். குழலின் விட்டம் 0.75 அங்குலம், குண்டோ ஏறக்குறைய 0.69 அங்குலம். தொளதொளவென்று இருப்பதால் கரி படிந்தாலும் குண்டு உள்ளே போகும். ஆனால் குறி தப்பும். குறி தப்பாமல் இருக்க உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய ரைஃபிளில் குண்டு இறுக்கமாக உட்கார வேண்டும். 1800இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த 'பேக்கர்' ரைஃபிளுக்கு, குண்டைத் தட்டி உள்ளே தள்ள முதலில் மரச் சுத்தியலே கொடுத்தார்களாம்! சண்டை நடுவே சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தால் என்னாகும்?

1853 மாதிரி 'என்ஃபீல்டு' ரைஃபிள் இரண்டுக்கும் நடுவில் வந்தது. குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இடைவெளி ஒரு நூலிழைதான். சுட்டதும் குண்டின் அடிப்பாகம் விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த நூலிழையில் கரி வந்து உட்கார்ந்தால்? அதற்குத்தான் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பு. ஒவ்வொரு குண்டும் உள்ளே போகும்போதே முந்தைய குண்டின் கரியை இளக்கி வழித்துக்கொண்டு போக வேண்டும் என்பது கணக்கு. அதாவது சுடும்போதே நடக்கிற துப்புரவு வேலை. கணக்கு சரி, கொழுப்பு யாருடையது என்று யோசிக்காததுதான் தப்பு.

1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் கிளம்பிய பேச்சு, மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டேயிடம் வெடித்தது. மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்குக் கொடுத்தது பழைய வகைத் தோட்டாதான் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்வது. ஆனால் அதற்குள் நம்பிக்கையே போய்விட்டிருந்தது. கலகத்துக்கு நிலம், சம்பளம், அரசுரிமை என்று வேறு ஆயிரம் காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் கரியின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் தீக்குச்சி அதுதான். சென்னை ராணுவம் பெரும்பாலும் இதில் சேரவில்லை. பின்னாளில் ஆங்கிலேயர்கள் குண்டின் விட்டத்தை 0.55 அங்குலமாகக் குறைத்து, தேன்மெழுகுக்கு மாறினார்கள்.

அடுத்த திருப்பம் வேதியியலில். 1884இல் பிரான்ஸில் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1889இல் ஆபெல், டீவர் இருவரும் 'கார்டைட்'டை உருவாக்கினார்கள். நீலகிரியில் அரவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்காகவே எழுந்ததுதான். கார்டைட்டில் 5 பங்கு வாஸ்லின் சேர்த்தார்கள். குழலுக்கு உயவாக இருக்கட்டும் என்பதே முதல் நோக்கம். தோட்டாவின் மேலே இருந்த கொழுப்பு மருந்துக்குள்ளேயே புகுந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை யாரும் சண்டைக்கு வரவில்லை, ஏனென்றால் வாஸ்லின் பெட்ரோலியத்திலிருந்து வருவது.

வேடிக்கை என்னவென்றால், 1888இல் வந்த 'லீ மெட்ஃபோர்டு' ரைஃபிளில், கரி ஒட்டாமல் இருக்கவே பள்ளங்களை ஆழமில்லாமல் வளைவாக வெட்டியிருந்தார்கள். கார்டைட் வந்ததும் கரி குறைந்தது, ஆனால் அதன் கடும் வெப்பத்தில் அந்த மெல்லிய பள்ளங்களே அழிந்துபோயின. 1895இல் ஆழமான பள்ளங்களோடு 'லீ என்ஃபீல்டு' வந்தது.

இதோடு தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து வைத்த குழல் சில நாளில் துருப்பிடித்தது. மருந்தில் மிஞ்சிய அமிலம் என்று பலரும் நினைத்தார்கள். 1922இல் அமெரிக்கச் சுரங்கத்துறையின் ஹஃப் என்ற வேதியியலாளர் உண்மையான குற்றவாளியைக் காட்டினார். தோட்டாவின் பின்னால் உள்ள கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகிக் குழலில் படிகிறது. மழைக்காலத்தில் உப்புஜாடி கசிவது போல அதுவும் காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும்! சிப்பாய்கள் கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவிய பழக்கத்துக்கு அர்த்தம் அதுதான். கரிக்கு எண்ணெயும் கரைப்பானும், உப்புக்கு வெந்நீர். கொதிநீரில் சூடேறிய இரும்பு தானாகவே உலர்ந்துவிடும் என்பது கூடுதல் லாபம். 1920களின் கடைசியில் ஜெர்மனியில் துருப்பிடிக்க வைக்காத கேப்புகள் வந்தபின் கொதிநீருக்கு வேலை குறைந்தது.

கரி மட்டும் போகவில்லை. வியட்நாமில் எம்-16 ரைஃபிள் அடைத்துக்கொண்டு அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். மருந்தை மாற்றியதும், குண்டு அறைக்குக் குரோமியம் பூசாததும், பலருக்குத் துடைக்கும் கருவியே தராததும் 1967இல் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தன. 1968இல் ராணுவம் வில் ஐஸ்னர் என்ற சித்திரக்கதைக்காரரை வைத்து, துப்பாக்கி துடைப்பது எப்படி என்று ஒரு படக்கதைப் புத்தகமே போட்டது.

நம் ஊர்க் கல்லூரிகளில் என்.சி.சி.யில் சேர்ந்தவர்களுக்கு 'புல் த்ரூ' தெரிந்திருக்கும். ஒரு முனையில் பித்தளை எடை, மறுமுனையில் துணி மாட்டும் கண்ணி உள்ள கயிறு. 0.303 ரைஃபிளுக்கு 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் துணி, அதற்குப் பெயர் சிந்தி. பின்பக்கத்திலிருந்து எடையை இறக்கி, வாய் வழியாக நேராக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறே இரும்பை அறுத்துக் குழல் வாயைத் தேய்த்துவிடும், பிறகு குண்டு குறியில் போகாது. விடாப்பிடிக் கரிக்குக் கம்பி வலை மாட்டி இழுப்பதும் உண்டு, ஆனால் அதைச் சிப்பாயின் இஷ்டத்துக்கு விடுவதில்லை. சுட்ட அன்று ஒரு தடவை துடைத்தால் போதாது. முதல் நாள் சிந்தி வெள்ளையாக வெளியே வரும். மறுநாள் இழுத்தால் மறுபடியும் கறுப்பாக வரும்.