கலிபோர்னியக் கரையிற் கடல் நீர்நாய்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

சங்கப் பாடல்களிற் பயிலும் நீர்நாய், பொய்கையிலும் ஆற்றிலும் வாளைமீனை வேட்டையாடுவது. ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது, அதற்கு உறவாயினும், வட பசிபிக் கடலிலேயே உண்டு, உறங்கி, ஈன்று வாழும் கடல் நீர்நாயை.

பெரிங் தலைமையிற் சென்ற உருசியக் கப்பல் 1741-ஆம் ஆண்டில் ஆளற்ற தீவொன்றை அடைந்தது. அக்குழுவிலிருந்த இயற்கையறிஞர் ஸ்டெல்லர் இவ்விலங்கை அணுகி நோக்கி, குட்டியைப் பேணும் தாயின் பரிவு வரை எழுதிவைத்தார். அவர் மறைந்தபின், 1751-இல் அவ்வெழுத்து வெளிவந்தது. ஆயின், உடன்சென்றோர் கொணர்ந்தவை தோல்கள்; வணிகரைக் கவர்ந்தவையும் அவையே. தடித்த கொழுப்புப் படலம் இல்லாத இவ்விலங்கு குளிரைத் தாங்குவது அடர்ந்த மயிரால். அம்மயிரே அதற்குக் கூற்றாயிற்று. உருசியா, அமெரிக்கா, சப்பான், பிரித்தானியா ஆகிய நான்கும் 1911-இல் உடன்படிக்கை செய்தபோது எஞ்சியவை மிகச் சில.

கலிபோர்னியாவில் இவ்வினம் அற்றொழிந்தது எனப் பலர் கொண்டனர். இதற்குச் சான்று யாது? தோல் வரவு நின்றமையே. வணிகர் ஏடுகள் தோலை எண்ணினவேயன்றி விலங்கை எண்ணவில்லை. அவற்றின் வெற்றிடத்தை இன்மையெனப் படித்தல் பொருந்தாது. அன்றியும், பாயின்ட் சர் அருகே இவ்விலங்கு காணப்பட்ட செய்தி 1915-இல் அம்மாநில மீன்-வேட்டைத் துறையின் இதழிலேயே வெளிவந்திருந்தது! அச்சேறிய சான்றும் படிப்பாரின்றிக் கிடத்தல் நம் துறையினர் அறியாததன்று.

1938 மார்ச்சுத் திங்களில், பிக்ஸ்பி ஓடை கடலிற் கலக்குமிடத்தருகே வாழ்ந்த ஒருவர், கெல்ப் என்னும் நெடிய கடற்பாசியினிடையே மிதந்த கூட்டமொன்றைத் தொலைநோக்கியாற் கண்டார். அறிவித்தபோது முதலில் நம்புவாரிலர். செங்குத்தான அக்கரையையொட்டிய நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1937-இல். அதுவரை அங்கு நின்று கடலை நோக்கினோர் அரியர் என்பதும் கருதத்தக்கது. அடுத்த ஆண்டே எட்னா பிஷர் என்னும் ஆய்வாளர், மல்லாந்து மிதந்து, மார்பின்மேற் கல்லை வைத்து, ஓட்டிரையை மோதியுடைக்கும் அதன் செயலை எழுதி வெளியிட்டார். கொன்று பெற்ற தோல் இதனை உரைக்க வல்லதன்று.

பிற்காலத்தில் நிழற்படமும் சான்றாயிற்று. புணர்ச்சியின்போது ஆண் கடிப்பதாற் பெண்ணின் மூக்கில் எஞ்சும் தழும்பைப் படத்தில் ஒப்புநோக்கி, ஆய்வாளர் தனி விலங்குகளை இனங்காண்கின்றனர். அண்மைக் கணக்கெடுப்புகள் கலிபோர்னியக் கரையில் ஏறத்தாழ 3,000 உளவெனக் கூறும். கரைநின்று தொலைநோக்கியால் எண்ணுதலே அக்கணக்கிற் பெரும்பகுதி.