பூசணம் பிடித்த சோளமும் கீழாநெல்லியும்

பூசணம் பிடித்த வேர்க்கடலையைத் துடைத்து வறுத்துவிட்டால் போதும், மிச்சமிருக்கும் விஷத்தைக் கீழாநெல்லி பார்த்துக்கொள்ளும் என்று, நந்தனத்தில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். அவரும் என்னைப் போல ஓய்வு பெற்ற குமாஸ்தாதான். நடந்துகொண்டே வாதாட மூச்சு போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1974ஆம் ஆண்டு. ராஜஸ்தானில் பான்ஸ்வாடா, குஜராத்தில் பஞ்சமகால் என்று அடுத்தடுத்த மாவட்டங்கள். அங்கே ஏழைப் பழங்குடியினருக்கு மக்காச்சோள ரொட்டிதான் மூன்று வேளையும். அந்த வருடம் வறட்சி. கதிர் முற்றி நிற்கும்போது காலம் தப்பி மழை கொட்டியது. நனைந்த சோளத்தைச் சரியாகக் காயவைக்க முடியாமல் அப்படியே வீட்டில் சேர்த்து வைத்தார்கள். சில வாரங்களில் காமாலை பரவியது. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, வீட்டுக்கு இரண்டு மூன்று பேர் விழுந்தார்கள். அதே ரொட்டியைத் தின்ற நாய்களும் வயிறு வீங்கிச் செத்தன. நோயுற்றவர்கள் 397 பேர், இறந்தவர்கள் 106 பேர்.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து கிருஷ்ணமாச்சாரி தலைமையில் ஒரு குழு போய்த் துப்புத் துலக்கியது. (அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1958இல்தான் ஹைதராபாத் போனது. நம்மவர்களுக்கே இது மறந்துவிட்டது.) தொற்றுநோய் என்றால் ஊர் முழுக்கப் பரவ வேண்டுமே? பூசணச் சோளம் தின்ற வீடுகளில் மட்டும்தான் நோய். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. சோளத்தைச் சோதித்தால் அஃப்ளடாக்ஸின், கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை. இன்று நம் நாட்டுச் சட்டம் தானியத்துக்கு அனுமதிப்பது கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். கணக்குப் பார்த்தால் 400 மடங்கு, 1,000 மடங்கு.

இந்த நஞ்சு அப்போது ஒன்றும் புதிதல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோதே, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் பான்ஸ்வாடா குடிசைக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும், வேறு தானியம் இல்லாதவர்கள் எதைத் தின்பார்கள்?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இதைப் படிக்கும்போது போன்-சேன்-எஸ்ப்ரி ஊர்தான் நினைவுக்கு வரும். 1951 ஆகஸ்டில் அந்த ஊர் ரொட்டிக்கடை ரொட்டியைச் சாப்பிட்ட இருநூற்றுக்கும் மேற்பட்டோருக்குப் பித்தம் தலைக்கேறியது போல மனப்பிரமை. சிலர் இறந்தும் போனார்கள். 'பேன் மோதி', அதாவது சபிக்கப்பட்ட ரொட்டி என்றார்கள். எர்காட் என்ற பூஞ்சையா, வேறு நஞ்சா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. நம் நாட்டில் கம்புக்கும் எர்காட் வருவதுண்டு. அதற்கு மட்டும் எளிய வழி உண்டு. கெட்டியான உப்புத் தண்ணீரில் கம்பைக் கொட்டினால் எர்காட் கட்டிகள் மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம்.

அஃப்ளடாக்ஸினுக்கு அந்தச் சலுகை இல்லை. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. துடைத்தால் மேலே தெரியும் பூசணம் போகும். உள்ளே இறங்கிய நஞ்சு இருக்கும்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். அதை மட்டம் தட்ட எனக்கு விருப்பமில்லை. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேர் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தவிர, அது கிருமிக்கான சோதனை. பூசண நஞ்சுக்கு அல்ல. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து அலோபதியிலும் கிடையாது. ஹெபடைடிஸ் பி உள்ளவர் இந்த நஞ்சையும் சேர்த்துத் தின்றால் ஈரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு.

நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் கடலையைப் பரப்பி, சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்தார்களே, வெயில் கண்ட அன்றே பருப்பையும் மிளகாயையும் மாடிக்கு ஏற்றினார்களே, இயற்கை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்வது அதைத்தான்.

1975இல் பான்ஸ்வாடா, பஞ்சமகால் கிராமங்களின் சோளத்தை மறுபடி சோதித்தார்கள். நஞ்சு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தது. அந்த வருடம் காமாலை வரவில்லை.