அடகு வைக்கப்பட்ட நினைவு

தோட்டத்துக் கணக்கிலே ஒரு வழக்கமுண்டு. இவ்வாண்டு இன்ன வேலைக்கு இவ்வளவு செல்லும் என்று முதலில் ஒரு மதிப்பு எழுதப்படும். ஆண்டு முடிவில் மெய்யாகச் சென்ற தொகை அதனருகே எழுதப்படும். இரண்டுக்கும் வேற்றுமை இருப்பின், அதற்குக் காரணமும் எழுதியாக வேண்டும். மழை என்றோ, உர விலை என்றோ, ஆள் குறைவு என்றோ ஏதேனும் ஒன்று. காரணமின்றி ஒரு வெள்ளி கூடினாலும் கிராணி பதில் சொல்லியாக வேண்டும். இப்பழக்கத்தால் கெட்டுப்போன என் கண்ணுக்குத் தமிழ்ப் படவுலகின் வரலாறும் ஒரு கணக்குப் புத்தகமாகவே காணப்படுகிறது. அப்புத்தகத்தில் மதிப்புக்கும் செலவுக்கும் உள்ள வேற்றுமை மலைபோல் நிற்கிறது. காரணம் எழுதவேண்டிய இடமோ வெறுமையாய்க் கிடக்கிறது.

சாகசப் படங்களின் கணக்கை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். வாளும் குதிரையும் கப்பலும் விஞ்ஞானக் கருவியும் கொண்டு, எளியவர் பக்கம் நின்று ஒரு வீரன் போராடும் கதைகள் அவை. நம் பாட்டன்மார் ரப்பர்த் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, புல்லிலே பாய் விரித்து அமர்ந்து கண்டு களித்தவை அவையே. அத்தகைய படங்களுக்கு இருபது முப்பது ஆண்டு கழித்து இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. பாகம் வளர வளரச் செலவும் வளர்கிறது. அச்செலவின் சுமை எவர் தலையில் விழுகிறது என்று கேட்பார் சிலரே.

பெருஞ்செலவு இன்று பிறந்ததன்று. ஜெமினி எஸ். எஸ். வாசன் ‘சந்திரலேகா’ என்ற பெயரை வெளியிட்டது 1943-ம் ஆண்டு; படம் திரைக்கு வந்ததோ 1948-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி. இடையே உலக யுத்தம் முடிந்தது. இந்தியா விடுதலை பெற்றது. வாசனுடைய படம் மட்டும் முடிந்தபாடில்லை. தொடங்கிய டைரக்டர் டி. ஜி. ராகவாச்சாரி விலகிச் செல்ல, வாசனே அப்பொறுப்பை ஏற்றார். கதை பன்முறை மாறிற்று. 1947-ல் சிறை மீண்ட கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்கும் டி. ஏ. மதுரத்துக்கும் இடஞ்செய்யும் பொருட்டுப் புதுக் காட்சிகள் புகுந்தன, சர்க்கஸ் புகுந்தது, அதனோடு விலங்குகளும் புகுந்தன. இறுதியில் மாபெரும் முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கானோர் ஆட, அம்முரசுகளுள் ஒளிந்திருந்த வீரர் வெளிப்பட்டுப் பாயும் காட்சி. செலவு 30 லட்சம் ரூபாய் எனப்பட்டது. அதுகாறும் இந்தியாவில் எந்தப் படத்துக்கும் அத்துணைப் பணம் கொட்டப்பட்டதில்லை.

இதிலே ஊதாரித்தனம் இல்லையா? உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வூதாரித்தனத்தில் ஒரு நேர்மையும் இருந்தது. இழப்பு வந்தால் அது வாசனுடைய இழப்பு. கொட்டிய பணம் திரையிலே கண்ணுக்குத் தெரிந்தது: முரசு முரசாகவே இருந்தது, ஆடியவர் ஆளாகவே இருந்தனர், அவர்களுக்குக் கூலியும் சென்றது. தமிழ்நாட்டு வசூலைக்கொண்டு முதலை மீட்க இயலாதென்று கண்டபோது, பழைய புகழைக் காட்டிப் பணம் கேட்கவில்லை வாசன். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் மாற்றி வடநாட்டுச் சந்தைக்கே படத்தைக் கொண்டு சென்றார். சென்னையில் எடுத்த படம் வடக்கே விலைபோகும் வழி அதனால் திறந்தது.

அடுத்த பத்தாண்டில் எம். ஜி. ராமச்சந்திரன் ‘நாடோடி மன்ன’னை எடுத்தார். 1958-ம் ஆண்டு ஆகஸ்ட் 22-ந் தேதி வந்த அப்படத்துக்கு அவரே தயாரிப்பாளர், அவரே டைரக்டர், இருவேடத்து நாயகரும் அவரே. தம் உடைமைகளை ஈடு வைத்தே அதனை முடித்தார். நாடோடி ஒருவன் அரியணை ஏறி ஏழைகளுக்கு உழைப்பதைச் சொன்ன கதை அது. தொடக்கத்திலே கம்பெனியின் சின்னமாகக் கழகக் கொடியை ஏந்திய ஆணும் பெண்ணும் தோன்றுவர். தோற்றால் தாம் நாடோடியே என்று அவரே சொல்லிக்கொண்டதாக நம்மவர் பலரும் கதை சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் அடகு வைக்கப்பட்டது அவருடைய வீடே அன்றிப் பிறர் வீடன்று. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, நம் மண்ணோடும் தொடர்புடைய ஒரு படம். 1973-ம் ஆண்டு மே 11-ந் தேதி ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவந்தது. ஜப்பானில் 1970-ம் ஆண்டு நடந்த ஒசாகா உலகப் பொருட்காட்சி, ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என ஊரூராய்ச் சென்று எடுத்த படம் அது. கழகத்தினின்று 1972-ம் ஆண்டு அக்டோபரில் எம். ஜி. ஆர். நீக்கப்பட்டுப் புதுக் கட்சி கண்டிருந்த சமயம். படம் வெளிவருமோ வராதோ என்று தமிழ்நாடே பந்தயம் கட்டியது. சுவரொட்டி ஒட்டுதற்குத் தடங்கல் வர, ஸ்டிக்கர் என்னும் சிறு ஒட்டுத்தாள் கொண்டே விளம்பரம் நடந்தது. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் முறையைக் கண்ட விஞ்ஞானி முருகனும், அவனைத் தேடிச் செல்லும் தம்பி ராஜுவும் அவரே. படத்தின் முடிவிலே ஓர் அறிவிப்பு எழும்: அடுத்து வருவது ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’.

ராஜு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. 1977-ம் ஆண்டு எம். ஜி. ஆர். முதலமைச்சரானார், மறு ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய கடைசிப் படம் வந்தது, 1987-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி மறைந்தார். எடுக்கப்படாத அப்படத்துக்கு ஒரு ரூபாய் சீட்டுக்கூட விற்கவில்லை. அதனால் எவரும் ஏமாறவுமில்லை. தோட்டத்துக் கிழவர்கள் அவரவர் மனத்திலேயே அதனை எடுத்து முடித்துக்கொண்டனர். ஒருவர் கதையில் ராஜு சிங்கத்தோடு போராடினான். இன்னொருவர் கதையில் வைரச் சுரங்கத்துக் கூலிகளை விடுவித்தான். 2018-ம் ஆண்டு ஜனவரியில் அதே பெயரில், மறைந்தவரின் உருவத்தைக் கணினியால் வரைந்து நடமாடவிடும் படமொன்றுக்குச் சென்னையில் தொடக்கவிழா நடந்தது. நாற்பத்தைந்து ஆண்டு பழைய வாக்குறுதிக்கு வட்டி வசூலிக்கும் முயற்சி என்றே அதனை நான் எண்ணினேன்.

‘எந்திரன்’ 2010-லும் அதன் இரண்டாம் பாகம் 2018-லும் வந்தன. பின்னதன் செலவு 400 கோடி என்பாரும் 600 கோடி என்பாரும் உளர். செலவை மிகைப்படுத்திச் சொல்வதே விளம்பரமாகிவிட்ட காலம் இது. அதனை விடுத்து, நமக்கு நெருங்கிய ‘இந்திய’னுக்கு வருவோம்.

1996-ம் ஆண்டு மே 9-ந் தேதி வெளிவந்த ‘இந்தியன்’, லஞ்சம் வாங்குவோரைக் கொல்லும் சேனாபதி என்ற கிழவனின் கதை. கமல்ஹாசனுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது அதனாற் கிடைத்தது. ஆனால் மலாயாத் தமிழனுக்குச் சேனாபதி வெறுங் கதாபாத்திரமல்லன். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவன் அவன். 1943-ம் ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து அழைப்பு விடுத்தபோது, அப்படையிற் சேர்ந்தவர்களில் மிகப் பலர் நம் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியவர்களிலும் பால் மரம் வெட்டிய பெண்கள் பலர். பட்டமோ நிலமோ அவர்கள் பெறவில்லை. திரும்பி வந்து அதே மரத்தை வெட்டினர். ஐம்பது ஆண்டு கழித்து அவர்களைப் பெரிய திரையில் வீரனாக்கிக் காட்டிய படம் ‘இந்தியன்’.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தோட்ட மண்டபத்தில் ஒளிநாடாவில் அப்படத்தைப் போட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார்; அப்படையிற் சேர்ந்து பர்மா எல்லைவரை நடந்து மீண்டவர். நேதாஜியின் முன் சேனாபதி நிற்கும் காட்சி வந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். “உட்காருங்கள் தாத்தா, மறைக்கிறது” என்று பின்னாலிருந்து கூவினோம். அவர் உட்காரவில்லை. அக்காட்சி முடியும்வரை நின்றே பார்த்தார்.

இந்த நினைவின்மேலேதான் இரண்டாம் பாகம் கட்டப்பட்டது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் படப்பிடிப்புத் தொடங்கிற்று. 2020-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி இரவு, சென்னைக்கு அருகே படப்பிடிப்புத் தளத்தில் ராட்சதப் பளுதூக்கி சாய்ந்து விழுந்து மூவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். நடிகர்களல்லர், உழைப்பாளிகள். உதவித்தொகைகள் அறிவிக்கப்பட்டன. பின்னர்த் தொற்றுநோய் வந்தது. 2021-ல் தயாரிப்பாளர் லைகா நிறுவனமே டைரக்டர் ஷங்கர்மேல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டது. 150 கோடி ரூபாயில் முடிப்பதாகப் பேசிய படம், 236 கோடி சென்றும் நூற்றுக்கு எண்பது பங்கே முடிந்திருக்கிறது என்பது அந்நிறுவனத்தின் முறையீடு. தாமதத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்பது டைரக்டரின் மறுமொழி. மதிப்புக்கும் செலவுக்கும் உள்ள வேற்றுமைக்குக் காரணம் எழுதும் இடம் கடைசியில் நீதிமன்றமாயிற்று!

அவ்வாண்டிலேயே, முதற்படத்தில் சேனாபதியைத் துரத்திய அதிகாரியாக நடித்த நெடுமுடி வேணுவும், சின்னக் கலைவாணர் எனப்பட்ட விவேக்கும் காலமானார்கள். ஆயினும் படத்தில் இருவரும் நடமாடினர். எஞ்சிய காட்சிகளை வேறு உடலும் கணினியும் கொண்டு நிரப்பினர். கலைவாணர் சிறைமீண்டு வந்ததற்காகக் கதையைத் திருத்தினார் வாசன். இங்கோ மறைந்தவர் மறைந்தார் என்பதற்காகவும் கதை திருந்தவில்லை. 2024-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி மூன்று மணி நேரப் படமாக வெளிவந்து, மக்கள் முகஞ்சுளிக்கவே, இரண்டொரு நாளில் 12 நிமிடம் வெட்டப்பட்டது. போட்ட பணம் திரும்பவில்லை.

தயாரிப்பாளர் நட்டப்பட்டார், நமக்கென்ன என்று கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம். அப்போது இந்நாட்டில் குறைந்த சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 58 வெள்ளிக்கும் குறைவு. சீட்டு 20 வெள்ளி என்று கொண்டாலும், ஐவர் உள்ள குடும்பம் ஜொகூர் பாருவுக்கு வந்து படம் பார்க்கச் சீட்டுக்கே நூறு வெள்ளி. வண்டிச் செலவும் பிள்ளைகளுக்குத் தின்பண்டமும் சேர்ந்தால் இரண்டு நாள் செம்பனைக் குலை வெட்டிய கூலி போயிற்று. முதல் வாரத்தில், எவரும் படத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லுமுன்னே, அக்குடும்பத்தைத் தியேட்டருக்கு இழுத்து வந்தது எது? கதையன்று, கதை யாருக்கும் தெரியாது. அந்தப் பெரியவர் எழுந்து நின்ற நினைவே இழுத்து வந்தது. எம். ஜி. ஆர். தம் வீட்டை ஈடு வைத்தார். இவர்கள் நம் வீட்டில் இருந்ததை எடுத்துப்போய் அடகு வைத்தார்கள்.

இது தமிழர்க்கே உரிய நோயன்று. அமெரிக்காவில் 1981-ல் ஏறத்தாழ 2 கோடி டாலரில் எடுத்த சாகசப் படத்தின் நாயகன் இந்தியானா ஜோன்ஸை 2023-ல் ஐந்தாம் முறை அழைத்து வந்தனர். செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர், நாயகர் ஹாரிசன் ஃபோர்டுக்கு வயது 80. முதற்பகுதியில் அவர் முகத்தைக் கணினி இளமையாக்கிற்று. உலக முழுவதும் வசூல் 38 கோடி டாலரளவே. அதிற் பெரும்பங்கு தியேட்டர்காரருக்கு.

காலங்கடந்த தொடர்ச்சி எல்லாமே வீண் என்றும் சொல்லமாட்டேன். 1986-ல் சுஜாதாவின் எழுத்தில் வந்த ‘விக்ரம்’ அக்காலத்தில் பெருஞ்செலவுப் படமெனப்பட்டும் பெரிதும் ஓடவில்லை. 36 ஆண்டு கழித்து 2022-ல் அப்பெயரில் வந்த படம் வெற்றி பெற்றது. பழைய ‘விக்ர’மைத் தெய்வமாக்கி வைத்திருந்தோர் குறைவு, ஆகையால் அடகுக்கு எடுத்துப்போக அங்கே அதிகமில்லை, புதிதாய்ச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. இன்னொரு சான்றும் உண்டு. பி. ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’, 1965-ல் வந்த கடற்கொள்ளைக் கதை. 2014-ம் ஆண்டு மார்ச்சில் அதே படத்தைத் துலக்கி, ஒரு காட்சியும் கூட்டாமல் வெளியிட்டார்கள். சென்னையில் 175 நாட்களுக்கு மேல் ஓடிற்று.

‘இந்திய’னின் இரண்டாம் பாகத்தில் சேனாபதி தைப்பே நகரில் இருக்கிறான். முதற்படக் கணக்கின்படி அவனுக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1945-ம் ஆண்டு ஆகஸ்டில் நேதாஜி விமான விபத்தில் மாண்டதாகச் சொல்லப்படும் ஊரும் அதுவே என்பது இருட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு நினைவு வந்தது. அந்தப் பெரியவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் எண்ணினேன். படம் முடிந்ததும் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். என்னோடு வந்திருந்த மண்டோர், திரையைப் பாராமலே எழுந்து, மடித்து வைத்த பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வாருங்கள் ஐயா, கடைசிப் பஸ் போய்விடும்” என்றார்.