கருப்புச் சட்டையும் வெள்ளைப் பொடியும்

ஆபீஸில் இருக்கும் கலர் லேசர் பிரிண்டரை எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே வரிசையாக நான்கு டப்பாக்கள் இருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு. (அந்த நீலமும் சிவப்பும் நாம் சொல்லும் நீலம், சிவப்பு இல்லை. சயான், மஜென்டா. இங்கே நீலம், சிவப்பு என்றே வைத்துக்கொள்வோம்.) இந்த நான்கையும் கலந்து ஏறக்குறைய எல்லா நிறத்தையும் அடித்துவிடலாம் என்பது கணக்கு. ஒரே ஒரு நிறத்தைத் தவிர. வெள்ளை.

வெள்ளையை அந்த மெஷின் அடிப்பதே இல்லை. காகிதம் ஏற்கெனவே வெள்ளையாக இருக்கிறது, எனவே வெள்ளை வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுகிறது. மற்ற நிறங்களும் காகிதத்தின் தயவில்தான் தெரிகின்றன. கலர் டோனர் கண்ணாடிக் காகிதம் மாதிரி, ஒளி அதன் வழியாகப் போய், காகிதத்தில் பட்டுத் திரும்பி வந்தால்தான் நிறம். கருப்புத் துணியில் அதே மஞ்சளை வைத்தால் சிலேட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய கதைதான். ஒன்றும் தெரியாது.

இந்த ஒரு வெள்ளைக்காக எழுபது வருடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். வெளியூரில் கொஞ்சம் பேராக வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் சம்பந்தம் உண்டு.

இருபத்தைந்து பீஸ்

நான் இருப்பது நவி மும்பையில். எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் எண்ணினால் நாற்பது தேறும். பொங்கல் விழா, பிள்ளைகளின் கிரிக்கெட் என்று எது வந்தாலும் "கருப்பு டி-ஷர்ட்டில் வெள்ளைத் தமிழ் எழுத்து" என்ற ஆசையும் கூடவே வந்துவிடும். எனக்குத் தெரிந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் தாராவியில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். 2000களில் அவரிடம் போய்க் கேட்டால் ஒரே பதில்தான்.

"ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் தம்பி. கருப்புத் துணின்னா அதுக்கு அடியில வெள்ளைக்குத் தனியா ஒண்ணு. இருவத்தஞ்சு பீஸுக்கு இம்புட்டும் பண்ணா எனக்குக் கட்டுபடியாவாதுல்லா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. திருப்பூரிலும் இதே கணக்குதான். கருப்பு பனியன் துணியில் முதலில் வெள்ளை பேஸ் அடித்து, அதைச் சூட்டில் காயவைத்து, அப்புறம்தான் மற்ற நிறங்கள். ஸ்கிரீன் தயார் செய்வதற்கு ஆகும் செலவு ஒரு சட்டைக்கும் ஆயிரம் சட்டைக்கும் ஒன்றுதான். ஆயிரம் பீஸ் என்றால் அது கண்ணுக்கே தெரியாது. இருபத்தைந்து என்றால் அதுவே மொத்தச் செலவு.

"மினிமம் ஆர்டர்" என்ற வார்த்தையை வெளியூர்த் தமிழன் அடிக்கடி கேட்பான். தமிழ்ப் படத்துக்கு ஒரு ஷோ போட, பள்ளியில் தமிழ் வகுப்பு வைக்க, வாழை இலை வரவழைக்க, எல்லாவற்றுக்கும் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்பார்கள். நாம் எப்போதும் அதற்கு ஒரு படி கீழேதான் இருப்போம் :-)

கந்தகமும் கைக்குட்டையும்

டோனர் பிறந்த கதையைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் ஒரு கம்பெனியின் பேட்டன்ட் பிரிவில் வேலை பார்த்தார். ஆவணங்களுக்குப் பிரதி எடுத்து எடுத்து அலுத்துப்போய், சுலபமான வழி ஒன்று தேடினார். 1938 அக்டோபர் 22ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், ஒரு வாடகை அறையில், ஓட்டோ கோர்னெய் என்ற உதவியாளருடன் அந்தச் சோதனையைச் செய்தார்.

துத்தநாகத் தகடு ஒன்றில் கந்தகம் பூசி, இருட்டில் அதைத் துணியால் தேய்த்தார்கள். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுப்போமே, அதே நிலைமின்சாரம். தேதியையும் அஸ்டோரியா என்ற ஊர்ப் பெயரையும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்சாரம் போய்விட்டது, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கியது. மேலே லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துப் பொடியைத் தூவி ஊதினார்கள். எழுத்தில் மட்டும் பொடி ஒட்டிக்கொண்டு நின்றது. மெழுகுத் தாளை அழுத்தி அதை எடுத்து, சூடு காட்டிப் பதியவைத்தார்கள்.

அந்தப் பொடி வெளிர் மஞ்சள் நிறம். உலகின் முதல் டோனர் கருப்பே இல்லை! பின்னால் கருப்பானது அலுவலகத் தேவையால்தான்.

பல கம்பெனிகள் கையை விரித்த பிறகு 1944இல் பேட்டல் ஆய்வு நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்து ஹேலாய்டு என்ற சிறு கம்பெனி உரிமம் வாங்கியது. 1959இல் 914 என்ற காப்பியர் வந்தது. அந்த ஹேலாய்டுதான் பிறகு ஜெராக்ஸ் ஆயிற்று. அங்கே வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதர், கண்ணாடிக்குப் பதில் லேசர் கதிரால் டிரம்மில் எழுதலாமே என்று யோசித்தார். 1977இல் ஜெராக்ஸ் 9700 லேசர் பிரிண்டர், 1984இல் மேசையில் வைக்கிற அளவில் எச்பி லேசர்ஜெட்.

இத்தனை பேர் மூளையைக் கசக்கியும் வெள்ளையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவர்கள் முன்னால் இருந்த காகிதம் வெள்ளை. ஆபீஸில் யார் கருப்புத் தாளில் கடிதம் அடிக்கப்போகிறார்கள்?

பொடி சட்டைக்கு வந்தது

டோனர் என்பது மை அல்ல, நிறம் கலந்த பிளாஸ்டிக் பொடி. பிரிண்டருக்குள் சூடான உருளைக்கு நடுவே போகும்போது உருகித் தாளில் ஒட்டுகிறது. ஒருமுறை உருகியது மறுபடி சூடு காட்டினால் மறுபடி உருகும். இதைக் கவனித்தவர்கள், வழுக்கும் பூச்சு உள்ள தாளில் படத்தைத் தலைகீழாக (கண்ணாடியில் தெரிவது மாதிரி) அடித்து, துணியில் கவிழ்த்து, ஹீட் பிரஸ்ஸில் அழுத்தினார்கள். படம் துணிக்கு மாறிவிட்டது. 1987இல் கேனன் கலர் லேசர் காப்பியர் வந்தபின் குழந்தை போட்டோவைச் சட்டையில் போட்டுத் தரும் கடைகள் பெருகின. வெள்ளைச் சட்டை வரைக்கும் எல்லாம் சுகம்.

கருப்புச் சட்டைக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. வெள்ளைப் படலம் உள்ள தாளில் படத்தை அடித்து, அந்தப் படலத்தோடு சேர்த்துத் துணியில் ஒட்டுவது. படத்தைச் சுற்றி வெட்டவேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் போஸ்டர் ஒட்டியது போல் வெள்ளைக் கட்டம் தெரியும். ஆங்கில எழுத்தையாவது எப்படியோ வெட்டிவிடலாம். நம்முடைய 'ண'வையும் 'ஞ'வையும் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுழிக்குள்ளும் இருக்கிற வெள்ளையை ஊசியால் குத்தி எடுக்கவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்கும், எடுக்கும்போதே கையோடு வந்துவிடும். அண்ணாச்சியின் மகன் ஒருமுறை "ஞானம்" என்ற பெயரை இப்படிச் செய்துவிட்டு, இனி கேட்காதீர்கள் என்று கும்பிட்டான்.

கருப்பு சுலபம், வெள்ளை கஷ்டம்

அப்படியானால் வெள்ளை டோனரை முன்பே செய்திருக்கலாமே? அது அவ்வளவு லேசு இல்லை.

கருப்பு என்பது ஒளியை விழுங்குவது. கரித்தூள் கொஞ்சம் கலந்தாலே போதும். வெள்ளை அப்படி இல்லை, வந்த ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துத் திருப்பி அனுப்பவேண்டும், அடியில் இருக்கும் கருப்பையும் மறைக்கவேண்டும். அதற்கு நிறமிப் பொடி பல மடங்கு வேண்டும், படலமும் தடிமனாக இருக்கவேண்டும். அந்த நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் அடர்த்தி தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கு மேல், கரித்தூளைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இவ்வளவு கனமான சரக்கு கலந்த பொடி ஒழுங்காக மின்னேற்றம் பெறவேண்டும், டிரம்மில் ஒட்டவேண்டும், உதிராமல் உருகவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தலைவலி.

2010களின் முதல் பாதியில் ஜப்பானின் ஓக்கி நிறுவனம் வெள்ளை டோனருடன் பிரிண்டர்களைக் கொண்டுவந்தது. (கறாராகச் சொன்னால் அவற்றில் லேசர் கிடையாது, எல்இடி விளக்கு வரிசை. மற்ற வேலையெல்லாம் ஒன்றுதான்.) அதில் ஒரு மாடலில் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான்கு டப்பாவில் கருப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளையை வைத்தார்கள். கருப்பு வேண்டாமா? கருப்புச் சட்டையில் கருப்பு எதற்கு, துணியே தருகிறதே! வேறு நிறத் துணி என்றால் மூன்று நிறத்தையும் கலந்து கருப்பு மாதிரி ஒன்றைச் செய்துகொள்ளலாம். காகிதம் வெள்ளையைத் தந்ததுபோல் இங்கே சட்டை கருப்பைத் தருகிறது.

ஜெர்மன் கம்பெனி ஒன்று இன்னும் எளிய வழி பிடித்தது. சாதாரண பிரிண்டரில் பொருந்துகிற மாதிரி வெள்ளை நிரப்பிய கார்ட்ரிட்ஜைத் தனியாக விற்றது. கம்ப்யூட்டர் கருப்பு என்று நினைத்து அனுப்பும், வெளியே வெள்ளையாக வரும்.

சட்டைக்கு இரண்டு தாள் முறை வந்தது. முதல் தாளில் படத்தைத் தலைகீழாக, நிறங்கள் அடியில், வெள்ளை மேலே வருமாறு அடிப்பார்கள். பசை பூசிய இரண்டாவது தாளை அதன்மேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்திப் பிரித்தால், டோனர் இருக்கும் இடத்தில் மட்டும் பசை ஏறிக்கொள்ளும். பிறகு துணியில் கவிழ்த்து அழுத்தவேண்டும். கவிழ்ந்ததும் வெள்ளை அடிக்குப் போய் நிறங்கள் மேலே வந்துவிடும். கத்திரி வேண்டாம், ஊசி வேண்டாம். சுழியும் புள்ளியும் அதனதன் இடத்தில் இருக்கும். ஒரே ஒரு சட்டை என்றாலும் முடியும்.

அண்ணாச்சியின் மகன் 2018இல் கடன் வாங்கி இப்படி ஒரு மெஷின் போட்டான். அந்த வருடம்தான் எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் அணி, ஒவ்வொருவர் முதுகிலும் அவரவர் பெயரைத் தமிழில் போட்டுக்கொண்டு இறங்கியது. மொத்தம் பதினொரு சட்டை. பதினொன்றும் வேறு வேறு பெயர். ஸ்கிரீனில் நினைத்துப் பார்க்கவே முடியாத வேலை. வீட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்தாலே ஓடுகிற பையன் ஒருவன், தன் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கருமணலில் இருந்து வெள்ளை

அந்த டைட்டானியத்துக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், அங்கே கிடைத்த கருப்பு மணலைச் சோதித்து அதில் புதிய உலோகம் இருப்பதைக் கண்டார். 1795இல் கிளாப்ரோத் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதற்கு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். அதிலிருந்து வெள்ளை நிறமி தயாரிப்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தொழிலாயிற்று. அதற்கு முன் பெயின்டில் வெள்ளை என்றால் பெரும்பாலும் ஈய வெள்ளை, விஷம்.

அதே வகைக் கருமணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மோனசைட்டைக் கண்டுபிடித்தார். காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. அதே மணலில் கூடவே கிடந்த கருப்பு இல்மனைட்தான் டைட்டானியத்தின் தாது. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இப்போது அங்கே மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை இயங்குகிறது. அந்த மணலை அள்ளுவது பற்றிக் கடலோரக் கிராமங்களில் எதிர்ப்பும் இருக்கிறது. கருப்பு மணலைக் கரைத்துச் சுத்தம் செய்தால் கிடைப்பது, கருப்பை மறைக்கும் வெள்ளை.

இப்போது நிலவரம்

வெள்ளை டோனரின் நல்ல காலம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஓக்கி 2021இல் அமெரிக்காவில் பிரிண்டர் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அதே சமயத்தில் டிடிஎஃப் என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது. படலத்தில் இங்க்ஜெட் நிற மை, மேலே வெள்ளை மை, ஈரம் காயுமுன் பசைப் பொடி, பிறகு சூடு. தடிமன் குறைவு, நுண்ணிய நிழல்கூட அழகாக வரும். டோனர் முறையில் மெல்ல மங்கும் நிழல்கள் சரியாக ஒட்டாது, பெரிய படம் நெஞ்சில் அட்டை மாதிரி விறைக்கும். இன்று மும்பையில் சட்டை வேலை பெரும்பாலும் டிடிஎஃப் பக்கம் போய்விட்டது.

அண்ணாச்சியின் மகனும் இன்னொரு கடன் வாங்கி டிடிஎஃப் போட்டுவிட்டான். முதல் கடன் முடிவதற்கு முன்பே. கை மெஷினை நம்பிப் பிழைக்கும் சிறு குடும்பங்களுக்கு இதுதான் பெரிய கவலை. ஸ்கிரீன் மேசையில் அப்பா முப்பது வருடம் சம்பாதித்தார், மகனுடைய மெஷினுக்கு ஆயுள் ஐந்து வருடம்.

ஆனால் பழைய மெஷினை அவன் விற்கவில்லை. டிடிஎஃப்பின் வெள்ளை மையிலும் அதே டைட்டானியம்தான், கனத்தால் அடியில் படியும். சில நாள் ஓட்டாமல் விட்டால் முனை அடைத்துக்கொள்ளும். டோனர் உலர்ந்த பொடி, இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் அடைப்பு என்ற பேச்சே இல்லை. இப்போது அதில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறான். அடர்சிவப்புக் கவரில் வெள்ளைத் தமிழ் எழுத்து, ஐம்பது கவர், ஒவ்வொன்றிலும் அழைக்கப்படுபவர் பெயரோடு.

கொசுறு: மும்பைக் கடைகளில் தமிழ் அடிக்கக் கொடுத்தால் ஃபைலாகக் கொடுக்காதீர்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் ஃபான்ட் மாறி, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் ஓடிவிடும். எழுத்தை வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். கோடு தடித்த எழுத்துருவாக இருக்கட்டும், மெல்லிய சுழி இரண்டு சலவையில் உரியும். சட்டையை உள்புறம் வெளியே திருப்பித் துவையுங்கள், எழுத்தின்மேல் நேராக இஸ்திரி போடாதீர்கள்.